கிழக்கிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை

பேர்லின் மதில் நிண்ட காலத்திலை கிழக்குப் பக்கம் போனனானோ எண்டு கேக்கிறியள் மாஸ்டர். போனனான். ஒரே ஒருக்கா. அதுவும் ஒரு முழு நாள் எண்டு சொல்லேலாது. காலமை பதினொரு மணிக்குப் போய்ப் பின்னேரம் அஞ்சு மணிக்கு இஞ்சாலை வந்திட்டம். ஆனா என்ர ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலை போனது. அதை ஒருத்தரும் கணக்கிலை எடுக்கிறேல்லை.

இந்தப் பஸ் மதில் நிண்ட இடத்துக்குப் போய்ச் சேர இன்னும் அரை மணித்தியாலம் எடுக்கும். இண்டைக்கு ஏதோ சைக்கிள் ஓட்டமாம், றோட்டெல்லாம் மறிச்சு வைச்சிருக்கிறாங்கள். நீங்கள் ரொறன்ரோவிலையிருந்து மூண்டு நாளுக்கு வந்திருக்கிறியள், எங்கட கோயில் திருவிழாவிலை பேச. செயலாளர் எண்ட முறையிலை உங்களைக் கூட்டிக்கொண்டு திரியிறது என்ர கடமை. கேட்டதுக்குப் பதில் சொல்லுறதும் கடமைதானே. ஜன்னல் பக்கம் நீங்கள் இருங்கோ. நான் பாத்த ஊர்தான்.

எண்பத்தஞ்சாம் ஆண்டு. அப்ப இது ரெண்டு பேர்லின். நாங்கள் இருந்தது மேற்கு. கிழக்கு ரஷ்யன்ர பக்கம். மதில் எண்டா உலகத்துக்கே ஒரு தடை, ஆனா எங்கட சனத்துக்கு அதுதான் வாசல். எப்பிடியெண்டா, கொழும்பிலை ரஷ்யப் பிளேன் ஏறி மொஸ்கோவிலை மாறிக் கிழக்குப் பேர்லினிலை வந்து இறங்கினா, அவங்கள் ஒரு துண்டு தருவாங்கள். இருபத்திநாலு மணித்தியாலத்துக்குள்ளை எங்கட நாட்டைக் கடந்து போ எண்டு. அந்தத் துண்டைக் காட்டிப்போட்டு றெயின் ஏறினா அடுத்த ஸ்ரேசன் மேற்கு. மேற்கிலை ஒருத்தனும் பாஸ்போட் பாக்கிறேல்லை. பாத்தா மதிலை எல்லை எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிப்போகுமாம், அதுக்காகப் பாக்கிறேல்லை. அப்பிடி ஆயிரக்கணக்கிலை வந்திறங்கினவை.

நான் அப்பிடி வந்தனான் இல்லை. அதையும் சொல்லிப்போடவேணும். நான் எழுபத்தாறிலை முறையாய் விசா எடுத்து, படிக்க வந்தனான். படிச்சு முடிச்சு ஒரு தொழிற்சாலையிலை வேலை. எண்பத்திமூண்டிலை ஊருக்குப் போய்க் கலியாணம் கட்டி, மனிசியையும் முறையாய்த்தான் கூப்பிட்டனான். புனிதவதி. நீங்கள் காலமை பாத்தனீங்கள்தானே, இடியப்பம் வைச்சவ. கொக்குவில். என்ர வாழ்க்கையிலை ஒரு பொய்க் கையெழுத்து இல்லை மாஸ்டர். தேடிப் பாத்தாலும் கிடையாது.

புனிதத்துக்கு ஒரு தங்கச்சி. ரஞ்சிதமலர். ரஞ்சி எண்டு கூப்பிடுறது. ரெண்டு வயசுதான் வித்தியாசம், பாத்தா ஒரே அச்சு. கலியாண வீட்டிலையே நான் ஒருக்கா மாறிக் கூப்பிட்டு எல்லாரும் சிரிச்சவை. எண்பத்தஞ்சு சித்திரையிலை ஆமி வந்து ஒழுங்கையைச் சுத்தி வளைச்சு, இவையின்ர தமையனை லொறியிலை ஏத்தினது. பிறகு அவரை ஒருத்தரும் காணேல்லை. தமையனைத் தேடிக் காம்ப் காம்பாய் அலைஞ்சது ரஞ்சிதான். அலைஞ்சதிலை அவளின்ர பேரும் அவங்கட கொப்பியிலை ஏறிப்போச்சு. வீட்டுக்கு ரெண்டு தரம் தேடி வந்திருக்கிறாங்கள். இனி வைச்சிருக்கேலாது எண்டு தாய் தகப்பன் அவளை ரஷ்யப் பிளேனிலை ஏத்தி விட்டிச்சினம். எங்களிட்டைத்தான் வாறாள். என்னிட்டை ஒரு சொல்லு முதலே கேட்டிருக்கலாம். கேக்கேல்லை. ஏத்தினாப் பிறகுதான் தந்தி வந்தது. சரி, அதை விடுவம்.

ஆடி மாசம், இஞ்சை நல்ல வெய்யில். வரவேண்டிய நாளிலை ஆள் வரேல்லை. ரெண்டாம் நாள் அகதி முகாமிலையிருந்து ஒரு பெடியன் டெலிபோன் எடுத்தான். "அண்ணை, உங்கட மச்சாள் எங்களோடைதான் வந்தவ. பிளேனுக்குள்ளையே நெருப்புக் காய்ச்சல். இறங்கினவுடனை அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. எங்களுக்கு இருபத்திநாலு மணித்தியாலம்தானே, நாங்கள் வந்திட்டம்" எண்டான். எந்த ஆசுப்பத்திரி எண்டு கேட்டா அவனுக்கு என்ன தெரியும்.

பிறகு ஒரு போஸ்ட்காட் வந்தது. அந்த ஆசுப்பத்திரி நேர்ஸ் எழுதினது. உங்கட உறவுக்காரி இஞ்சை இருக்கிறா, நியூமோனியா, இப்ப சுகம், பாக்க வாறதெண்டா ஞாயிற்றுக்கிழமை ரெண்டிலையிருந்து மூண்டு மணி மட்டும் எண்டு டொச்சிலை, அதுதான் ஜேர்மன் பாஷையிலை. அதுக்குக் கீழை கோணலாய்த் தமிழிலை ரெண்டு சொல்லு. "அக்கா, வா."

புனிதம் அந்தப் போஸ்ட்காட்டைக் கையிலையிருந்து கீழை வைக்கேல்லை.

இந்த இடைக்குள்ளை சட்டம் மாறிப்போச்சு. மேற்கும் கிழக்கும் பேசி முடிவெடுத்திட்டாங்கள். இனி மேற்குக்கு விசா இல்லாத இலங்கை ஆக்களுக்குத் துண்டு இல்லையாம். ரஞ்சியின்ர துண்டு அவள் ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கையே முடிஞ்சுது. புதுசு குடுக்கமாட்டாங்கள். சுகமானவுடனை திருப்பி ஏத்திறதுதான். நான் வெளிநாட்டார் கந்தோருக்குப் போய்க் கேட்டனான். போகேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. ஒரு மணித்தியாலம் லைனிலை நிண்டு கேட்டனான். அந்த மனிசன் ஒரு படிவம் தந்தான். ஆறு கிழமை எடுக்குமாம். நான் நிரப்பிக் குடுத்தனான்.

எங்கள் ரெண்டு பேரிட்டையும் ஒழுங்கான பாஸ்போட், இஞ்சை இருக்க அனுமதிக் குத்து எல்லாம் இருந்தபடியாலை ஒரு நாள் விசாவிலை கிழக்குக்குப் போய் வரலாம். பிள்ளைக்கு அப்ப ஒரு வயசு. பக்கத்து வீட்டு ஜேர்மன் மனிசியிட்டை விட்டிட்டு வெளிக்கிட்டம். நான் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினன். அங்கை வாழைப்பழம் கிடைக்காது எண்டு வேலையிடத்திலை சொன்னவை. அதெல்லாம் யோசிச்சுத்தான் செய்தனான்.

எல்லை இருந்தது ஸ்ரேசனுக்குள்ளையே. நிலத்துக்குக் கீழை ஒடுக்கமான வழி, கக்கூசு மாதிரிச் சின்னச் சின்ன அறை. ஒவ்வொரு ஆளாய்ப் போகவேணும். பின்னுக்குக் கதவு பூட்டும், முன்னுக்குக் கதவு பூட்டும், தலைக்கு மேலை கண்ணாடி சரிச்சு வைச்சிருக்கு, உங்கட முதுகைப் பாக்க. கண்ணாடிக்குப் பின்னாலை ஒருத்தன் சிரிக்காமல் இருப்பான். புனிதத்தைத் தலைமயிரை ஒதுக்கிக் காதைக் காட்டச் சொல்லியிருக்கிறான். முகம் மாறினாலும் காது மாறாதாம். அந்த அறையிலை நிக்கேக்கை என்ர பிறந்த திகதியே மறந்துபோச்சு எனக்கு. ஒரு பிழையும் செய்யாத எனக்கே.

வெளியிலை வந்து அங்கத்தைய றெயினிலை ஏறினம். சாம்பல் கட்டிடங்கள், அகலமான றோட்டு, கார் குறைவு, சனம் சத்தமில்லாமல் இருக்குது. நான் புனிதத்துக்கு அதைக் காட்டி இதைக் காட்டிக்கொண்டு வாறன். அவ ஒண்டையும் பாக்கேல்லை. திடீரெண்டு சொன்னா, "திரும்பி வரேக்கை நான் வரமாட்டன். ரஞ்சிதான் உங்களோடை வருவாள்."

எனக்கு முதலிலை விளங்கேல்லை. "என்ன சொல்லுறீர்?" எண்டன்.

"என்ர சட்டையும் என்ர கண்ணாடியும் போட்டுக்கொண்டு என்ர பாஸ்போட்டிலை வருவாள். நான் அவளின்ர கட்டிலிலை கிடப்பன்."

ஏதோ கடைக்குப் போறதைச் சொல்லுற மாதிரிச் சொன்னா மாஸ்டர். அதுக்குத்தான் பாஸ்போட் படத்திலை இருந்த அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறா எண்டு அப்பத்தான் கண்டன். ஆடி மாச வெய்யிலிலை நீட்டுக் கைச் சட்டை.

"பொலிசு வந்து உம்மைப் பிடிச்சா?"

"நான் புனிதவதி, என்ர மனிசனும் பிள்ளையும் மேற்கிலை எண்டு சொல்லுவன். மறிச்சு வைப்பாங்கள். வைக்கட்டும்."

"கொழும்புக்கு ஏத்தி விட்டா?"

"ஏத்தினா நீங்கள் கூப்பிடுங்கோ. எனக்குக் கூப்பிட ஆள் இருக்கு. அவளுக்கு ஆர் இருக்கினம்?"

"பிள்ளை?"

அதுக்கு மட்டும் பாஸ்போட்டை எடுத்துத் திறந்து பாத்திட்டுத் திருப்பி வைச்சா. பிறகு, "பிள்ளையை ரஞ்சி பாப்பாள். நான் ரெண்டு மாசத்திலையோ மூண்டு மாசத்திலையோ வந்திடுவன். ரஞ்சி போனா வரமாட்டாள்" எண்டா.

நான் "பாப்பம்" எண்டன். வேறை என்ன சொல்லுறது? றெயினுக்குள்ளை சண்டை பிடிக்கேலுமோ? பாப்பம் எண்டா பாப்பம் எண்டுதான் அர்த்தம். ஓம் எண்டு அர்த்தம் இல்லை. அவ அதை ஓம் எண்டு எடுத்திருக்கிறா. அது என்ர பிழையோ?

நான் அப்ப ஜேர்மன் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டிருந்தன். புரட்டாதியிலை நேர்முகத்துக்குக் கூப்பிடுவம் எண்டு கடிதமும் வந்திருந்தது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. சும்மா நினைவு வந்தது, சொல்லுறன்.

ஆசுப்பத்திரி பழைய செங்கல் கட்டிடம். நாங்கள் போய்ச் சேர ரெண்டேகால் ஆச்சு. ரஞ்சியை ஒரு சின்ன அறையிலை தனியாய் வைச்சிருந்தாங்கள், வெளிநாட்டுக் கிருமி எண்ட பயம். கதவைத் திறந்தவுடனை ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டினம். அழேல்லை. ரஞ்சி நல்லாய் மெலிஞ்சு போனாள், கழுத்தெலும்பு தெரியுது. என்னைப் பாத்துச் சிரிச்சு, "வாங்கோ அத்தான்" எண்டாள், தன்ர வீட்டுக்கு வந்த ஆளை வரவேற்கிற மாதிரி. வாழைப்பழத்தை வாங்கி ஒண்டை உரிச்சு எனக்குத்தான் முதல் தந்தவள்.

நாளைக்குக் காலமை பொலிசு வந்து எயாப்போட்டுக்குக் கொண்டுபோகுதாம். நேர்ஸ் கையாலை காட்டி விளங்கப்படுத்தியிருக்கிறா, பிளேன் மாதிரிக் கையை விரிச்சு. ரஞ்சிக்கு விளங்கியிருக்கு.

புனிதம் தன்ர திட்டத்தைச் சொன்னா. ரஞ்சி மாட்டன் எண்டாள். அக்கா, பிள்ளை இருக்குது, பைத்தியமோ எண்டாள். புனிதம் அவளின்ர கன்னத்தை ரெண்டு கையாலையும் பிடிச்சு, "அவங்கள் உன்ரை பேரைக் கொப்பியிலை எழுதி வைச்சிருக்கிறாங்கள். என்ரை பேரை எழுதேல்லை" எண்டா. ரஞ்சி தன்ர ஆசுப்பத்திரிச் சட்டையின்ர முடிச்சை அவிழ்க்கத் துவங்கினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நிண்டன், அவை உடுப்பு மாத்துறதுக்கு. கீழை முற்றத்திலை ஒரு கிழவன் பைஜாமாவோடை சிகரெட் குடிச்சுக்கொண்டு இருந்தான். எனக்கு இண்டைக்கும் அந்தக் கிழவன்ர முகம் வடிவாய் நினைவிருக்கு.

திரும்பிப் பாத்தா, மாஸ்டர், எனக்கே ஒரு கணம் தடுமாறிப்போச்சு. கண்ணாடி போட்டுக்கொண்டு புனிதத்தின்ர சட்டையிலை ரஞ்சி. ஆசுப்பத்திரிச் சட்டையிலை கட்டிலிலை புனிதம். தலைமயிரைக் கூட மாத்திக் கட்டியிருந்தினம். பாஸ்போட் ரஞ்சியின்ர கையிலை.

அப்பத்தான் கதவு திறந்தது.

அந்த நேர்ஸ்தான். போஸ்ட்காட் எழுதினவ. அம்பது வயசிருக்கும், நல்ல தாட்டியான மனிசி. மூண்டு மணிக்கு அஞ்சு நிமிசம் இருக்கு. அவ கட்டிலைப் பாத்தா. நிக்கிற ஆளைப் பாத்தா. திரும்பவும் கட்டிலைப் பாத்தா. பத்து நாளாய்ப் பக்கத்திலை நிண்டு பாத்த ஆளை அவவுக்குத் தெரியாதோ? ஒரு சொல்லும் சத்தமாய்ச் சொல்லேல்லை. கதவைப் பின்னாலை சாத்திப்போட்டு என்னைப் பாத்து மெல்லமாய் ரெண்டு வசனம் சொன்னா. பேர்லின் கிழவியள் பேசுற கொச்சை டொச். புனிதத்துக்கு அப்ப பாண் வாங்க, பஸ் கேக்கத்தான் டொச் தெரியும். வகுப்புக்குப் போகப்போறன் எண்டு கேட்டவ, நான்தான் என்னத்துக்கு, நான் இருக்கிறன்தானே எண்டு சொல்லியிருந்தன். ரஞ்சிக்கு அதுவும் இல்லை.

நேர்ஸ் சொல்லிப்போட்டுப் போயிட்டா. கதவு சாத்தினபடி இருந்தது.

"என்ன சொன்னவ?" எண்டு புனிதம் கேட்டா.

மாஸ்டர், நான் அந்த அறையை நினைச்சன். பின்னுக்கும் முன்னுக்கும் கதவு பூட்டுற அறையை. தலைக்கு மேலை கண்ணாடியை. காதைக் காட்டு எண்டு சொன்னவனை. பிள்ளையை நினைச்சன். எல்லாத்திலும் கூடப் பிள்ளையைத்தான் நினைச்சன்.

"நேரம் முடிஞ்சுதாம். தான் கண்டிட்டாவாம். உடனை மாத்தாட்டிப் பொலிசுக்குச் சொல்லவேண்டி வருமாம்" எண்டன்.

புனிதம் என்னைப் பாத்துக்கொண்டு இருந்தா. "வேறை வழி இல்லையோ எண்டு கேளுங்கோ. போய்க் கேளுங்கோ" எண்டா. நான் வெளியிலை போனன். நீட்டு விறாந்தை, ஒருத்தரும் இல்லை. ஒரு நிமிசம் நிண்டன். வந்து, இல்லையாம் எண்டு சொன்னன்.

ரஞ்சிதான் முதல் கண்ணாடியைக் கழட்டினவள். "அத்தான், எங்களாலை உங்களுக்குக் கரைச்சல் வேண்டாம்" எண்டாள். பாத்தியளோ, அவளே சொன்னவள். நான் வற்புறுத்தேல்லை. அவை உடுப்பை மாத்தினாப் பிறகு புனிதம் தன்ர கைச்சங்கிலியைக் கழட்டித் தங்கச்சிக்குப் போட்டு விட்டா. வாசலிலை வைச்சு ரஞ்சி, "அக்கா, பிள்ளை ஆரைப் போல?" எண்டு கேட்டாள். புனிதம், "உன்னைப் போல" எண்டா.

விறாந்தை முடிவிலை அந்த நேர்ஸ் மேல் மாடிப் படியாலை எதுக்கோ இறங்கி வந்தா. எங்களைக் கண்டவுடனை நிண்டிட்டா. புனிதத்தைப் பாத்தா, பிறகு என்னைப் பாத்தா. எதையோ கேக்கப் போற மாதிரி வாயைத் திறந்திட்டு மூடினா. நான் முறையாய் நன்றி சொல்லிப்போட்டு வந்திட்டன்.

எல்லையிலை அண்டைக்கு நீட்டு லைன். ஞாயிறு பின்னேரம், எல்லாரும் திரும்புகினம். கண்ணாடிக்குப் பின்னாலை இருந்தவன் களைச்சுப்போனான். என்ர பாஸ்போட்டிலை குத்தினான். புனிதம் எனக்குப் பின்னாலை வந்தவ. அவவின்ர முகத்தை நிமிந்தே பாக்கேல்லையாம். காதைக் காட்டச் சொல்லேல்லை, ஒண்டும் கேக்கேல்லை. குத்திக் குடுத்திட்டான். அஞ்சு செக்கன். வெளியிலை வந்து அதைச் சொன்னா. "அவன் பாக்கேல்லை" எண்டா. அவ்வளவுதான். நான் சொன்னன், அது அண்டைக்கு. ரஞ்சி வந்திருந்தா அவன் பாத்திருந்தாலும் பாத்திருப்பான். அதை ஆர் சொல்லேலும்? நீங்களே சொல்லுங்கோ மாஸ்டர்.

ரஞ்சியைத் திங்கட்கிழமை ஏத்தினாங்கள். கட்டுநாயக்காவிலையே பிடிச்சிட்டாங்கள், பேர் இருந்தது. எட்டு மாசம் உள்ளுக்கை. என்ன நடந்தது எண்டு அவள் ஒரு நாளும் எழுதேல்லை. வெளியிலை வந்து எழுதின முதல் கடிதத்திலை நாலு வரி. நான் சுகம், பிள்ளை நடக்கிறாளோ, அத்தானுக்கு என்ர அன்பைச் சொல்லு, இனி என்னைக் கூப்பிட முயற்சி செய்யவேண்டாம். நாங்கள் பிறகும் கூப்பிட எழுதினனாங்கள். மூண்டு தரம் படிவம் நிரப்பினனான். பதில் வரேக்கை அவள் மறுத்திட்டாள். கலியாணமும் கட்டேல்லை. ஒரு பள்ளிக்கூடத்திலை சின்ன வகுப்புக்குப் படிப்பிச்சுக்கொண்டு இருந்தாள். தொண்ணூத்தஞ்சு இடப்பெயர்வோடை வன்னிக்குப் போனவள், பிறகு அங்கைதான்.

எனக்குப் பிரஜாவுரிமை அடுத்த வருசம் கிடைச்சது. கோயில் கட்டினம், தமிழ்ப் பள்ளிக்கூடம் துவங்கினம். எல்லாத்திலும் முன்னுக்கு நிண்டது ஆர்? மதிலும் விழுந்திட்டுது. விழுந்த அண்டைக்கு இஞ்சை எல்லாரும் றோட்டிலை நிண்டு கட்டிப் பிடிச்சு அழுகினம். நான் புனிதத்தை வாரும், போய்ப் பாப்பம் எண்டு கூப்பிட்டன். அவ வரேல்லை. பிள்ளையின்ர உடுப்பை மடிச்சுக்கொண்டு இருந்தா.

பிறகு அவ வேலைக்குப் போகவேணும் எண்டு நிண்டா. ஒரு வயோதிபர் இல்லத்திலை, வயசு போனதுகளைப் பராமரிக்கிற வேலை. எனக்கு விருப்பமில்லை, ஆனா விட்டனான். அங்கை அவவுக்கு டொச் வந்திட்டுது. அதுவும் படிச்ச டொச் இல்லை, அந்தக் கிழவியள் பேசுற டொச். கேட்டா நீங்கள் சிரிப்பியள், கொக்குவில் பொம்பிளை பேர்லின் சந்தைக்காரி மாதிரிப் பேசுவா.

தொண்ணூத்திநாலு. ஒரு பின்னேரம் வேலையாலை வந்தவ கோட்டைக் கழட்டாமல் வாசலிலையே நிக்கிறா. நான் திருவிழா நோட்டீஸ் திருத்திக்கொண்டு இருந்தன்.

"அண்டைக்கு அந்த நேர்ஸ் என்ன சொன்னவ?" எண்டு கேட்டா.

"எந்த நேர்ஸ்?"

"ரஞ்சியின்ர நேர்ஸ்."

ஒம்பது வருசத்துக்குப் பிறகு கேக்கிறா. "நேரம் முடிஞ்சுது எண்டு சொன்னவ, அதுக்கென்ன இப்ப?" எண்டன்.

"நிஷ்ட் யசேன்" எண்டா. "அப்பிடித்தானே சொன்னவ? விளங்காட்டியும் சத்தம் எனக்கு நினைவிலை இருந்தது. ஒரு நாளும் மறக்கேல்லை. இண்டைக்கு ஒரு கிழவி தன்ர கண்ணாடியைத் தேடேக்கை அதையே சொன்னா. நிஷ்ட் யசேன். ஒண்டையும் காணேல்லை." பிறகு அந்த நேர்ஸின்ர ரெண்டு வசனத்தையும் அப்பிடியே அந்தக் கொச்சையிலை முழுசாய்ச் சொன்னா மாஸ்டர். ஒரு எழுத்துப் பிசகேல்லை. சொல்லிப்போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மொழிபெயர்க்கிற மாதிரி மெல்ல மெல்லத் தமிழிலை சொன்னா. "நான் நாலு மணி மட்டும் மேல் மாடியிலை நிப்பன். நான் ஒண்டையும் காணேல்லை. சரியோ?"

நான் "பிள்ளையை யோசிச்சன்" எண்டன்.

அவ என்னை வடிவாய்ப் பாத்தா. கோவம் இல்லை. கோவப்பட்டிருந்தா எனக்கும் பதில் இருந்தது. "குட்" எண்டா. சரி எண்டு டொச்சிலை. கோட்டைக் கழட்டிக் கொழுவிப்போட்டு, சாப்பாடு சூடாக்கட்டோ எண்டு கேட்டா. அதையும் டொச்சிலைதான் கேட்டா.

அண்டையிலையிருந்து என்னோடை தமிழ் இல்லை. பிள்ளையோடை தமிழ், கோயிலிலை தமிழ், உங்களோடை காலமை எவ்வளவு அன்பாய்க் கதைச்சவ. என்னோடை டொச். உப்புப் போதுமோ, டொக்டரிட்டை எத்தினை மணிக்கு, குளிருது ஜன்னலைச் சாத்துங்கோ, எல்லாம் டொச். மரியாதையாய்த்தான். முந்தியைவிட மரியாதையாய். நான் மேடையிலை ஏறித் தாய்மொழியைக் காப்பாத்தவேணும் எண்டு பேசுற ஆள். என்ர வீட்டு நிலைமை இது. ஒருத்தருக்கும் சொன்னதில்லை. நீங்கள் நாளைக்குப் போறனீங்கள் எண்டபடியாலை சொல்லுறன்.

மகள் ஒருக்கா கேட்டவள், ஏன் அப்பாவோடை மட்டும் இப்பிடி எண்டு. தாய் என்ன சொல்லியிருக்கிறா தெரியுமோ? "அப்பாவுக்கு டொச் நல்லாய் விளங்கும்" எண்டு.

நான் என்ன களவெடுத்தனானோ? ஒரு மனிசன் தன்ர மனிசியைத் தன்ரை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தது குற்றமோ? ஆரும் ஒரு நீதவானிட்டைப் போய்க் கேட்டுப் பாக்கட்டும். ரஞ்சி வந்திருந்தா எங்கை படுத்திருப்பாள் எண்டு கூட நான் யோசிச்சுப் பாத்தனான். ரெண்டு அறை வீடு.

ரெண்டாயிரத்தொம்பது. வன்னியிலை கடைசிச் சண்டை நடந்த அந்த மாசி, பங்குனி, சித்திரை. உங்களுக்கும் தெரியும், ரொறன்ரோவிலையும் சனம் றோட்டிலை இருந்ததுதானே. இஞ்சையும் நான் ஊர்வலம் ஒழுங்கு செய்தனான், பொலிசு அனுமதியெல்லாம் முறையாய் எடுத்து. ரஞ்சியிட்டையிருந்து தை மாசத்துக்குப் பிறகு ஒண்டும் இல்லை. புனிதம் ஒவ்வொரு நாளும் பட்டியல் பாப்பா. செத்த ஆக்களின்ர பட்டியல், முகாமுக்குள்ளை வந்த ஆக்களின்ர பட்டியல். கண்ணாடியை நெத்தியிலை ஏத்தி விட்டிட்டுக் கடதாசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாப்பா. ஒண்டிலையும் பேர் இல்லை.

ஆனியிலை ஒரு மத்தியானம் டெலிபோன் வந்தது. செட்டிகுளம் முகாமிலையிருந்து வெளியிலை வந்த ஒரு பொம்பிளை. ரஞ்சியோடை படிப்பிச்ச ரீச்சராம். புனிதம் அரை மணித்தியாலம் கதைச்சா. கதைச்சது எண்டில்லை, கேட்டுக்கொண்டு நிண்டா. ஓம், ஓம் எண்டதுதான் எனக்குக் கேட்டது. பள்ளிக்கூடப் பிள்ளையள் ஒம்பது பேரை வைச்சுக்கொண்டு ஒரு பங்கருக்குள்ளை இருந்தவளாம். அதுக்குள்ளைதான் செல் விழுந்ததாம். பிறகு அந்த மனிசி அந்தப் பக்கம் போகேலாமல் போச்சாம்.

டெலிபோனை வைச்சிட்டு அதிலேயே நிண்டா. நான் ரீவிச் சத்தத்தைக் குறைச்சன்.

"ரஞ்சி இல்லையாம்" எண்டா.

தமிழிலை, மாஸ்டர். என்னைப் பாத்து, எனக்குத்தான் சொன்னவ. பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு.

நான் "யா" எண்டன்.

ஓம் எண்டு டொச்சிலைதான் வாயிலை வந்தது. பழக்கம். உடனை தமிழிலை ஏதும் சொல்லவேணும் எண்டு ஒரு சொல்லுத் தேடினன். தேடி எடுக்கிறதுக்குள்ளை அவ குசினிக்குள்ளை போய்க் கதவைச் சாத்திப்போட்டா. உள்ளுக்கை தண்ணி ஓடுற சத்தம் கேட்டுது, கன நேரம் ஓடினது. நான் எழும்பிப் போய்க் கதவடியிலை நிண்டன். தட்டவோ விடவோ எண்டு தெரியேல்லை. பிறகு வந்து இருந்து ரீவியைப் பழையபடி கூட்டினன், நியூசிலை எங்கட நாட்டைப் பற்றி ஏதும் சொல்லுறாங்களோ எண்டு பாக்க.